பூசைக்கும் ஆராதனைக்கும் தெரிதா எதற்கு?

17 பிப்ரவரி 2024, ஒரு வாசகர் கேட்டது

“இறையியல் முதுகலை படிக்கிறேன். திருவழிபாட்டியல் தாளில் பாதிக்கு மேல் மேற்கத்தியத் தத்துவவாதிகளும் சமூகவியலாளர்களும்தான்: தெரிதா, ஃபூக்கோ, பூர்தியூ, அப்புறம் பட்லர். எல்லாரையும் பிழிந்தால் ஒரே சாறுதான் வருகிறது: வழிபாடு என்பது அதிகாரம் போடும் நாடகம். இதைச் சொல்ல எங்கள் ஊர் உபதேசியாரே போதும். கோட்பாடு இல்லாமல் வழிபாட்டைப் படிக்க முடியாதா?”

18 பிப்ரவரி

முடியும். ரொம்ப காலம் அப்படித்தான் படித்தார்கள். எந்தக் கையெழுத்துப் பிரதியில் எந்த ஜெபம் நுழைந்தது, ரோமையிலிருந்து வந்ததா, சிரியாவிலிருந்து வந்ததா என்று பார்ப்பார்கள். நல்ல வேலைதான், இன்றும் நடக்கிறது. ஆனால் பிரதியில் இருப்பது குருவானவர் சொல்லவேண்டியது மட்டும். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் எங்கே நின்றார், முன்னாலா, தூணுக்குப் பின்னாலா, வாசலுக்கு வெளியிலா என்பது அதில் இருக்காது. எனக்குக் கோட்பாடு தேவைப்பட்டது அந்த இடத்தில்தான்.

“ஒரே சாறு” என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடுகிறவர்கள். இங்கிலாந்து இறையியலாளர் கேத்தரின் பிக்ஸ்டாக் 1998-இல் எழுதிய புத்தகமே தெரிதாவுக்கு எதிரானது. நவீனத் தத்துவத்தின் நோய்க்கு வழிபாடுதான் மருந்து என்பது அவர் கட்சி. இத்தாலியத் தத்துவவாதி அகம்பெனுக்கோ அந்த வழிபாட்டிலேயே நோய் தெரிகிறது. இருவரையும் ஒரே செக்கில் போட்டு ஆட்டாதீர்கள்.

19 பிப்ரவரி

சண்டைக்கு முன்னால் ஒரு சிரிப்பு. சொல்லே செயலாகிவிடும் இடங்களைப் பற்றி ஆங்கிலேயத் தத்துவவாதி ஆஸ்டின் ஹார்வர்டில் 1955-இல் உரையாற்றினார். அவர் மறைந்தபின் 1962-இல் அது புத்தகமானது. முதல் உதாரணங்களில் ஒன்று திருமணம்: மணமகன் ‘ஐ டூ’ என்கிறான், அந்தச் சொல்லே செயல். ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப்புத்தகத்தில் அந்த இடத்தில் இருக்கும் பதில் ‘ஐ வில்’. ஆஸ்டினுக்கு இது தெரியவந்தபோது திருத்த நேரமில்லை என்றும், தத்துவ ரீதியில் இந்தப் பிழை முக்கியமில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டோம் என்றும் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்.

தத்துவத்துக்கு முக்கியமில்லாமல் இருக்கலாம். எங்கள் சபையில் தாலி கட்டும்போது ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் முன்வரிசைப் பெரியம்மாக்கள் ஆறு மாதம் பேசுவார்கள்.

21 பிப்ரவரி

அந்தப் பெரியம்மாக்களைத் தத்துவத்துக்குள் கூட்டிவந்தவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ. ஆஸ்டினுக்கு அவர் சொன்ன மறுப்பு சுருக்கமானது: சொல்லுக்குள் பலம் இல்லை, சொல்பவருக்குப் பின்னால் நிற்கும் அமைப்பிலிருந்து பலம் வருகிறது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுதான் எனக்குப் பிடித்தது. கத்தோலிக்க வழிபாட்டைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பிரான்சில் பூசை மாறியபோது விசுவாசிகள் புலம்பியவை எழுபதுகளில் அச்சாகியிருந்தன. நற்கருணை அப்பத்தைக் கையில் கொடுக்கிறார்கள், சாமியார் சாதாரண உடையில் வருகிறார், கோவிலை விட்டுக் கண்ட இடத்தில் பூசை வைக்கிறார்கள் என்பது மாதிரியான புலம்பல்கள்.

அறிவாளிகள் இதைப் ‘பழமைவாதம்’ என்று ஒதுக்கியிருப்பார்கள். பூர்தியூ ஒதுக்கவில்லை. இடம், நேரம், உடை, பாத்திரம், குரல் எல்லாம் சேர்ந்துதான் சாமியாரின் சொல்லுக்கு அதிகாரம் கொடுக்கின்றன. அதில் ஒன்று சரியும்போது மற்றதும் சரிகிறது என்று அந்தச் சனங்களுக்கு உடம்பிலேயே தெரிந்திருக்கிறது. வழிபாட்டைப் பற்றிய புகார், வழிபாட்டு நூலைவிட நல்ல ஆவணம். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

24 பிப்ரவரி

பிக்ஸ்டாக்கைப் பற்றி நாகர்கோவில் அக்கா கேட்டிருந்தார்கள். முழுதாக விளக்கப் பொறுமையில்லை. ஒரு பகுதி மட்டும் சொல்கிறேன். இடைக்கால ரோமைத் திருப்பலியில் ஜெபங்கள் நேர்கோட்டில் போகாது. பீடத்தை நோக்கி ஏறத் தொடங்கி, நான் தகுதியற்றவன் என்று நின்று, பாவத்தை அறிக்கையிட்டு, மறுபடியும் தொடங்கும். சீர்திருத்தக்காரர்களுக்கு இது தேவையில்லாத குவியல். பிக்ஸ்டாக்குக்கு அந்தத் திக்குதல்தான் சரி: கடவுள்முன் பேச வருகிறவன் சரளமாகப் பேச முடியாது. இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது, மறைக்கவில்லை. எங்கள் ஆராதனையில் மைக் பிடித்துச் சரளமாக ஜெபிக்கிறவர்களைக் கேட்டபிறகு இன்னும் கூடுதலாக.

ஆனால் நூற்றுக்கணக்கான பக்கத்தில் அந்தத் திருப்பலியில் நின்ற ஒரு குடியானவன்கூட வருவதில்லை. பிரதி திக்குகிறது, சரி. அந்த லத்தீன் புரியாமல் பின்னால் நின்றவன் என்ன செய்துகொண்டிருந்தான்?

25 பிப்ரவரி

“மனுஷனைப் பார்க்காமல் பிரதியைப் பார்க்கிறார் என்று தத்துவவாதியைக் குறை சொல்வது, சமையல்காரன் ஏன் உழவில்லை என்று கேட்பது மாதிரி” என்று மதுரை அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, உழவே தேவையில்லை என்று அந்தச் சமையல்காரன் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? சமூகவியல் இறையியலுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்கிற தொனி பிக்ஸ்டாக் சார்ந்த இறையியல் குழுவினரிடம் உண்டு.

2 மார்ச்

என்னைப் பற்றிக் கேட்டார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). தாய்வழியில் பாதிப் பேர் ஆர்.சி. அதனால் இரண்டு பக்கத்து வழிபாடும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ‘நிறப்பிரிகை’ சிற்றிதழ் வந்துகொண்டிருந்த தொண்ணூறுகளில் ஃபூக்கோவை அரைகுறைத் தமிழிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் படித்துவிட்டு, ஆராதனை முழுக்கப் போலீஸ் வேலை என்று அம்மாவிடம் வாதாடினேன். அம்மா, “சரி, காணிக்கைப் பையை மறக்காம எடுத்துட்டுப் போ” என்றாள்.

என்னை மாற்றியது சமாதானம் பகிர்தல். சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அப்புறம் ஏற்கெனவே ஒன்றாகியிருந்த காங்கிரிகேஷனல், பிரஸ்பிடீரியன் சபைகள் சேர்ந்த திருச்சபை. 1950-இல் பொதுவான நற்கருணை ஒழுங்கு வந்தது. அதில் கேரளச் சிரியன் மரபிலிருந்து எடுத்துச் சேர்த்த பகுதி இந்தச் சமாதானம். குருவானவர் தன் கைகளால் உதவியாளரின் கைகளைப் பற்றுவார், அவர் முன்வரிசைக்கு, அங்கிருந்து பின்வரிசைக்கு என்று கை மாறிக் கை போகும். மேற்கத்திய சபைகள் இதையெல்லாம் மீட்டெடுப்பதற்கு முன்னாலேயே இங்கே நடந்தது என்று வழிபாட்டு வரலாற்றுக்காரர்கள் மெச்சுவார்கள்.

அவர்கள் மெச்சாத விஷயம்: தொடுதல் பிரச்சினையாக இருக்கிற நாட்டில், வாரா வாரம் தொட்டே ஆகவேண்டும் என்று ஒரு ஒழுங்கு எழுதியிருக்கிறார்கள். சடங்குகளை ஆராய்ந்த கேத்தரின் பெல் 1992 புத்தகத்தில் சொல்வது இங்கே உதவும். முழங்கால்போடுவது பணிவை அறிவிக்கும் சைகை அல்ல, பணிகிற உடம்பை அது உண்டாக்குகிறது என்பார். அப்படியானால் கைகொடுப்பது என்ன உடம்பை உண்டாக்கும்?

கூடவே இதையும் சொல்லவேண்டும். கை எந்த வரிசை வழியாகப் போகிறது, எந்த வரிசைக்கு வரும்போது கும்பிடாக மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். எந்தச் சபை என்று கேட்காதீர்கள்.

5 மார்ச்

புகார்தான் நல்ல ஆவணம் என்றேனே, நம்மிடமும் ஒன்று இருக்கிறது. பூர்தியூவின் பிரெஞ்சுக்காரர்களுக்கு நூற்றைம்பது வருடம் மூத்தது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னருக்கு நெருக்கமானவர். அவர் கீர்த்தனையைப் பாடாத புராட்டஸ்டன்ட் சபை தமிழில் இல்லை. 1820-களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகள் செய்வதையெல்லாம் கொடுமைகள் என்று வரிசைப்படுத்தி எழுதினார். நான்கு கொடுமைகள். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். திருவிருந்தில் (நற்கருணையில்) சாதி பார்க்கக்கூடாது என்று வற்புறுத்துகிறார்கள். பண்டிகைக்குப் பூ அலங்காரம் கூடாது என்கிறார்கள். ஆராதனையில் கீர்த்தனை பாடவிடுவதில்லை.

இப்போது இந்தப் பட்டியலைப் பின்காலனியக் கோட்பாட்டுக்காரரிடம் கொடுங்கள். துள்ளிக் குதிப்பார். வெள்ளைக்காரன் மண்ணின் பாட்டைத் தடுக்கிறான், பூவைத் தடுக்கிறான், பழகிய வேதத்தைப் பிடுங்குகிறான், உள்ளூர்க் கவிஞர் எதிர்த்து நிற்கிறார். எல்லாம் உண்மை. பாட்டிலும் பூவிலும் நான் சாஸ்திரியார் பக்கம்தான். இன்று அவர் பாட்டு ஆராதனைக்குள்ளேயே ஒலிக்கிறது, தடுத்தவர்கள் பெயர்தான் மறந்துபோயிற்று.

இரண்டாவது கொடுமையை என்ன செய்வது? ஒரே பாத்திரத்தில் யார் முதலில் வாய்வைப்பது என்ற விஷயம் அது. அந்த ஒன்றை உருவிவிட்டு மூன்றை மட்டும் கொண்டாட முடியாது. அவருக்கு நான்கும் ஒரே விஷயம், எங்கள் முறைமையில் கைவைக்கிறார்கள் என்ற விஷயம். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை உடனே முற்றாக விடவேண்டும் என்று எழுதினார். பேராயர் காலனி அதிகாரத்தின் ஆள், சந்தேகமில்லை. பலர் சபையை விட்டுப் போனார்கள். சாதியை உலக வழக்கமாகப் பார்த்துப் பொறுத்துக்கொண்ட ஜெர்மன் லூத்தரன் லைப்சிக் மிஷன் பிறகு வந்தபோது அங்கே சேர்ந்தவர்களும் உண்டு.

‘அதிகாரம், எதிர்ப்பு’ என்ற இரண்டே பெட்டி வைத்திருக்கிற கோட்பாடு இங்கே படுத்துவிடும். எதிர்க்கிறவர் கையிலும் ஒரு அதிகாரம் இருக்கிறது. அதைப் பார்க்க மாநிலம் மாநிலமாகச் சுற்றவேண்டாம், பந்தி எப்படி அமர்ந்தது என்று பார்த்தால் போதும்.

6 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, சாஸ்திரியாரை அவமதித்துவிட்டதாக ஒருவர் கோபப்படுகிறார். இல்லை ஐயா. அவர் எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது. எனக்கு நெருடுவது வேறு. அந்தத் திருவிருந்தில் கடைசியாக வந்து முழங்கால்போட்டவர்கள் தங்கள் கொடுமைகளைப் பட்டியல் போட்டு விட்டுப்போகவில்லை. புகாரே நல்ல ஆவணம் என்ற என் கொள்கையும் அங்கே முட்டுகிறது: புகார் எழுத எழுத்தாணியும் ஓலையும் வேண்டும்.

10 மார்ச்

எழுதாதவர்களை எங்கே தேடுவது என்று கேட்டால், கட்டடத்தில். வடக்கன்குளம்.

நெல்லைக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். மற்றவர்களுக்கு: 1872-இல் அங்கே கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு கைகள், நடுவில் ஒரே பீடம். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடாரும் மற்றவர்களும். இரண்டு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்கமுடியாது. கால்சட்டைக் கோவில் என்று கேலியாகச் சொல்வார்கள். நடுத்தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டது. உயர்சாதிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

உள்ளே நடந்த பூசை லத்தீனில், உலகம் முழுக்க அன்று நடந்த அதே பூசை. பிக்ஸ்டாக் சிலாகிக்கிற அதே திக்கல், அதே ஏறுதல். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. பிரதியை மட்டும் வைத்து வழிபாட்டைப் படிப்பவருக்கு வடக்கன்குளத்துப் பூசையும் பாரிஸ் பூசையும் ஒன்றேதான்.

சுவர் இல்லாவிட்டால் சாதி இல்லை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இதில் எனக்கே விடை தெரியாத ஒன்று: ஏன் இரண்டு பீடம் கட்டவில்லை? சாதி அவ்வளவு பலமாக இருந்தால் இரண்டு கோவிலே கட்டியிருக்கலாம், பல ஊரில் கட்டினார்கள். இங்கே கட்டடம் பிரிந்து பிரிந்து போய், பீடத்தில் வந்து பிரிய முடியாமல் நிற்கிறது. வழிபாடு வெறும் நாடகம் என்றால், யார் அந்த ஒற்றைப் பீடத்தைப் பிடிவாதமாகக் காப்பாற்றியது?

11 மார்ச்

“பணம் பத்தவில்லை, அதனால் ஒரு பீடம்” என்று ஒரு பதில். ரசித்தேன்.

16 மார்ச்

பரட்டையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று அக்கா கேட்டார்கள். நியாயம். பரட்டை என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்தவர், 2005-இல் காலமானார். கிராமிய இசையில் முழு ஆராதனையையே எழுதினார். கீர்த்தனையின் கர்நாடக இசையை வேளாளர் வீட்டு இசை என்று நேராகவே சொன்னவர். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து சேர்ந்து உண்பதுதான் திருவிருந்து என்பது அவர் இறையியல். அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் அவரைப் பற்றி 2014-இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

தெரிதாவையும் பட்லரையும் பரட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் கொஞ்சம் உயிர் வருகிறது. திரும்பச் செய்யும் எதுவும் அப்படியே திரும்புவதில்லை, ஒவ்வொரு முறையும் விலக இடமிருக்கிறது என்கிறார்கள் அவர்கள். சாவுக்கு அடிக்கிற பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தால் அதே ஒழுங்கு, அதே பாவ அறிக்கை, ஆனால் சிலர் எழுந்து வெளியே போகிறார்கள். என் கண்ணால் பார்த்தேன். போனவர்கள் கோட்பாடு படித்தவர்கள் இல்லை. என்ன மாறியது என்று அவர்களுக்கு உடனே புரிந்தது.

17 மார்ச்

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் பொதுப் பாத்திரம் போய்த் தனிக் குவளை வந்துவிட்டது. நுனிவிரல் அளவு பிளாஸ்டிக். தனிக்குவளைக்கு 1890-களின் அமெரிக்காதான் பிறப்பிடம், கிருமி பயம். சுகாதாரம் என்ற காரணத்தை யாரும் மறுக்கமுடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் பொதுப் பாத்திரம் திரும்பவேண்டாம் என்று ஆர்வமாகக் கை தூக்கியவர்களில் சிலர் அதே வாரம் கல்யாண வீட்டில் முண்டியடித்துச் சாப்பிட்டார்கள். மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் அழுக்கைப் பற்றி எழுதிய புத்தகத்தை அவர்களுக்குப் பரிசளிக்கலாமா என்று யோசித்தேன். கமிட்டித் தேர்தல் வருகிறது, விட்டுவிட்டேன்.

29 மார்ச், புனித வெள்ளி

நேற்று, பெரிய வியாழன், போப் பிரான்சிஸ் ரோமில் பெண்கள் சிறையில் பன்னிரண்டு பெண்களின் பாதம் கழுவினார். 2013-இல் போப்பாக முதன்முறை பெண்களுக்குக் கழுவியபோது அது விதிமீறல், 2016 ஜனவரியில் விதியே மாறியது. செயல் முந்தியது, நூல் பிந்தியது. விதிநூலைப் படித்தே வழிபாட்டைப் புரிந்துகொள்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

சொந்தக்காரர்களின் பங்குக் கோவிலுக்கு நானும் போயிருந்தேன். பன்னிரண்டு பேரில் பெண்கள் இல்லை. அதைவிட, பன்னிரண்டும் ஒரே தெரு.

7 ஏப்ரல்

அகம்பென் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2012 புத்தகத்தின் கரு இது: பூசை செய்யும் குரு நல்லவரோ கெட்டவரோ, சடங்கு பலிக்கும் என்கிறது திருச்சபை. செய்பவனையும் செயலையும் இப்படிப் பிரித்ததுதான் நவீன ‘கடமை’க்கு முன்மாதிரி, அலுவலகத்தில் மனச்சாட்சி இல்லாமல் கையெழுத்துப் போடும் ஆளின் மூதாதை. வாதம் கூர்மையானது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் கேட்டால் அந்தப் பிரிப்பு ஏழைகளுக்குத்தான் பாதுகாப்பு. குரு அயோக்கியன் என்பதற்காக என் பிள்ளையின் ஞானஸ்நானம் செல்லாமல் போகாது அல்லவா? பயனாளியின் பக்கத்திலிருந்து அகம்பென் ஒரு பக்கமாவது எழுதியிருக்கலாம்.

எதிர்ப்பக்கம் அமெரிக்கக் கத்தோலிக்க இறையியலாளர் கேவனா. 1998 புத்தகம், சர்வாதிகாரி பினோசே காலத்துச் சிலே. சித்திரவதை மனிதரைத் தனித்தனியாகப் பிய்த்துப்போடுகிறது, நற்கருணை சேர்த்து ஒரு உடலாக்குகிறது என்பார். 1980-இல் சில ஆயர்கள் சித்திரவதை செய்கிறவர்களைச் சபைநீக்கம் செய்தார்கள். 1983-இலிருந்து செபஸ்தியான் அசெவேதோ பெயரில் அறியப்பட்ட இயக்கத்தார் சித்திரவதைக் கூடங்கள் முன்னால் திடீரென்று கூடி, பாடி, மன்றாடி, சில நிமிடத்தில் கலைந்துபோனார்கள். தெருவில் ஒரு வழிபாடு. படிக்கும்போது நெஞ்சு நிமிரும். ஆனால் அந்த ஒரு உடலுக்குள் இருக்கிற மேல் கீழ் பற்றிக் கேவனா போதுமான அளவு பேசவில்லை என்பது என் குறை.

14 ஏப்ரல்

“சாதி சாதி என்று எல்லாவற்றையும் அங்கேயே இழுக்கிறீர்கள், அதெல்லாம் பழைய கதை” என்று ஒரு குறிப்பு வந்திருக்கிறது.

எறையூர், விழுப்புரம் பக்கம், 2008 மார்ச். ஒரே கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரே குருவின்கீழ் வரும் கோவில் வட்டாரம். வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் இறந்தார்கள். தலித் மக்கள் கேட்டவற்றில் ஒன்று தங்களுக்குத் தனிப் பங்கு. இன்னொன்று சவ ஊர்வலம் பொதுத் தெரு வழியாகப் போகவேண்டும் என்பது.

அடக்கச் சடங்கு நூலை எடுத்துப் பாருங்கள். வீட்டில் சொல்லும் ஜெபம், கோவிலில் சொல்லும் ஜெபம், குழிமேட்டில் சொல்லும் ஜெபம் எல்லாம் இருக்கிறது. எப்போது நிற்கவேண்டும், எப்போது தீர்த்தம் தெளிக்கவேண்டும் என்று சிவப்பெழுத்தில் குறிப்பும் இருக்கிறது. எந்தத் தெரு வழியாக என்று இல்லை. உயிர் போனது அந்த இல்லாத வரியில். தனிப் பங்கு கேட்டதை ஒற்றுமைக்கு விரோதம் என்று கண்டித்த நண்பர்கள் எனக்குண்டு. வடக்கன்குளத்து ஒற்றைப் பீடத்தை மெச்சிய எனக்கும் இது இடிக்கிறது. ஒரே பீடம் என்பது யாருடைய செலவில் என்று அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

20 ஏப்ரல்

முதலில் கேள்வி கேட்ட தம்பிக்கு. தேர்வுக்கு எதைப் படிப்பது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள், இங்கேயே சொல்கிறேன். பூர்தியூவின் அந்தக் கட்டுரை சின்னது, ஒரு மாலையில் முடியும். அடுத்தது பெல், முதல் மூன்று அத்தியாயம் கரடுமுரடு, தாண்டிவிடுங்கள். பிக்ஸ்டாக்கைத் தாளுக்காகப் படிக்காதீர்கள், விடுமுறையில் படியுங்கள். அகம்பெனுக்கு உங்கள் பேராசிரியர் எத்தனை மதிப்பெண் வைத்திருக்கிறார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கட்டுரைக்குத் தலைப்பு இன்னும் எடுக்கவில்லை என்றால், உங்கள் சொந்தச் சபையின் தரைப்படத்தை வரைந்து, நற்கருணைக்கு யார் எந்த வரிசையில் எழுந்துவருகிறார்கள் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் கணக்குத் தணிக்கை என்று நினைத்துக்கொள்வார்கள்.